மலையில் மிளகு, மேசையில் படிவம்

தை பிறந்துவிட்டால் கொல்லிமலையில் வாசலுக்கு வாசல் மிளகு காயும். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிக்கு ஏணி சாத்தி, சரம் சரமாகப் பறித்து இறக்கி, காலால் மிதித்து மணி உதிர்த்து, களத்திலும் தார்ப்பாயிலும் பரப்புவார்கள். இதில் சின்னச் சின்ன சூட்சுமங்கள் உண்டு. உதிர்த்த மணியை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கியெடுத்துக் காயப்போட்டால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும், காய்வதும் சீக்கிரம். ஈரப்பதம் பத்து, பதினோரு சதவீதத்துக்கு இறங்காவிட்டால் மூட்டைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அந்த ஒரு கிலோவை எந்தத் தரத்தில், எப்போது, யாரிடம் விற்பது என்பது தனிக் கலை.

பறிப்பதும் உதிர்ப்பதும் காயவைப்பதும் இந்த மலைப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே பழகியவை. ஈரப்பதமானியைப் படிப்பது, சல்லடை போட்டுத் தரம் பிரிப்பது, உணவுப் பாதுகாப்பு உரிமம் வாங்குவது, பில் போடுவது, உலர்த்தியின் மோட்டாரைக் கழற்றி மாட்டுவது ஆகியவற்றைப் பார்த்தே பழகிவிட முடியாது. பள்ளிக்கூடம் கற்றுத்தரக்கூடியவை இவைதான். தமிழ்நாட்டின் மேல்நிலைத் தொழிற்கல்விப் பாடங்களில் அடிப்படை இயந்திரவியல் இருக்கிறது. மின் பொறியியல், தானியங்கி ஊர்தி, நெசவியல், ஆடை வடிவமைப்பு, உணவு மேலாண்மை, செவிலியம், அலுவலக மேலாண்மை எல்லாம் இருக்கின்றன. மலைப்பயிர்ப் பதப்படுத்தல் என்று தனிப் பாடம் கிடையாது. வேளாண் அறிவியல் உண்டு. ஆனால் அது தஞ்சாவூர் வயலுக்கும் கொல்லிமலைக் கொடிக்கும் சேர்த்து எழுதிய ஒரே புத்தகம்.

இந்த இடைவெளியைப் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்க வேண்டிய அதிகாரி யார்? அந்தப் பதிலைத் தேடிப் புறப்பட்டால், காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளே தேவலை என்று தோன்றும்.

ஒரு மலை, பல கதவுகள்

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று பதினான்கு 'நாடு'களாகப் பிரிந்து கிடக்கிறது கொல்லிமலை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. மிகப் பெரும்பாலானோர் மலையாளிப் பழங்குடியினர். ஊரே சிறியது. ஆனால் இங்கே ஒரு பிள்ளைக்குத் தொழில் கற்றுத்தரும் பொறுப்பு எத்தனை கைகளில் சிதறியிருக்கிறது என்று பாருங்கள்.

சாதாரண அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறை. தலைமையாசிரியருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்கும் மேல் சென்னையில் இயக்குநர். தொழிற்கல்விக்கென்றே அங்கே ஓர் இணை இயக்குநர் பதவி உண்டு. அதே மலையில் பக்கத்திலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி வேறு துறை. பாடப்புத்தகமும் பொதுத்தேர்வும் பள்ளிக் கல்வித் துறையுடையவை. ஆசிரியர், விடுதி, கட்டடம், நிர்வாகம் எல்லாம் பழங்குடியினர் நலத் துறை. அங்கே தலைமையாசிரியர் பதில் சொல்வது பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்ட அலுவலருக்கு. செங்கரையில் இருக்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிக்கோ மத்திய பழங்குடியினர் விவகார அமைச்சகத்தின் நிதியும் வழிகாட்டுதலும் வருகின்றன.

பள்ளியை விட்டு ஐடிஐக்குப் போகலாம். மலையிலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. தொழிலாளர் நலத் துறை அமைச்சரின் கீழ் வருவது. பாடத்திட்டமும் தேசியத் தொழிற்சான்றிதழும் டெல்லியிலிருந்து. 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பயிற்சிகளைக் கவனிப்பது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா நிதியில் பள்ளிக்குள் தொழிற்பிரிவு தொடங்கினால், அதன் மதிப்பீட்டுக்கு அந்தந்தத் தொழிலுக்கான திறன் கவுன்சில் வரும். அந்தக் கவுன்சில்களுக்கு மேல் 2018-இல் அமைக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சில்.

மேற்பார்வை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தம் பங்குக்குப் படிவம் கேட்கிறார்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி, நிதியில் எவ்வளவு செலவு. பள்ளி நிரப்பி அனுப்புகிறது. ஒரு துறைக்குப் போன படிவம் இன்னொரு துறையின் கண்ணில் படுவதில்லை.

2023 மார்ச் மாத பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள், இந்து சமய அறநிலையத் துறை, வனத் துறை ஆகியவை நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவது. நிர்வாகக் கண்ணோட்டத்தில் நியாயம். எதிர்ப்பும் உடனே வந்தது. நலத் துறையின் கையை விட்டுப் போனால் அந்தப் பள்ளிகளுக்கான தனி அக்கறையும் தனி நிதியும் கரைந்துவிடும் என்பது எதிர்த்தவர்களின் பயம். அதுவும் லேசாகத் தள்ளிவிடக்கூடிய பயம் அல்ல. கொல்லிமலை போன்ற இடத்தில் உண்டு உறைவிடப் பள்ளி என்பது வெறும் வகுப்பறையல்ல; மூன்று வேளைச் சோறும், மழைக்காலத்தில் ஒதுங்க ஒரு கூரையும் அதுதான்.

ஆய்வாளர் வராத காலம்

இந்த மலையில் தொழிற்கல்வி நடந்த முதல் இடம் அரசுப் பள்ளி அல்ல. 1913-ஐ ஒட்டி இங்கே வந்து வாழவந்தி நாட்டுப் பக்கம் குடியேறிய ஆங்கிலேய மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட், கட்டட வேலை தெரிந்தவர். தம் வீட்டுக்கான மரத்தைத் தாமே அறுத்து இழைத்தவர். அவரும் மனைவி எவ்லினும் மலைக் கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். எழுத்தோடு தச்சு வேலையும் பட்டுப்புழு வளர்ப்பும் சேர்ந்தே நடந்தன. 1929-இல் கடும் மலேரியாக் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். எவ்லின் பின்னாளில் மலைக்கே திரும்பி, 'கிரானி பிராண்ட்' என்று பெயர் பெற்று, 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தார்.

அவர்களுடைய மகன் பால் பிராண்டின் கதைதான் இங்கே முக்கியம். கொல்லிமலையில் செருப்பில்லாமல் ஓடித் திரிந்த அந்தப் பையன், இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பை முடித்ததும் கட்டடத் தொழிலைச் சில ஆண்டுகள் முறையாகப் பயின்றார். தச்சு, கொத்து வேலை எல்லாம். அதன் பிறகுதான் மருத்துவம். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார். கை சரியானவர்கள் பிழைப்புக்கு மறுபடி பிச்சைப் பாத்திரம் ஏந்தக் கூடாது என்று, குணமானவர்களுக்கு மரவேலை சொல்லிக்கொடுக்கும் குடியிருப்பு ஒன்றையும் கல்லூரி வளாகத்திலேயே அமைத்தார்.

பட்டறையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு ஒரு வழி இருந்தது பால் பிராண்டுக்கு. தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்றதும் கிளம்பும் சண்டையெல்லாம் அந்த வழி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைப் பற்றித்தான்.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் சூட்டினார், பெயர் ஒட்டிக்கொண்டது. மறு ஆண்டே ராஜாஜி பதவி விலக, முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் ஆகியும் அந்தச் சூடு ஆறவில்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023-இல் வந்தபோது, குடும்பத் தொழில் செய்பவர்களுக்குப் பதினெட்டு வயதிலிருந்தே உதவி என்ற நிபந்தனையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் பையனைப் பட்டறைக்கு இழுக்கும் என்பது காரணம். அதற்கு மாற்றாக 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது 35.

ஆகவே கொல்லிமலை மாணவிக்கு மிளகு பதப்படுத்தலைப் பாடமாக வைக்கலாம் என்று யாராவது சொன்னால், "மலைப் பிள்ளை மலையிலேயே கிடக்க வேண்டுமா?" என்ற கேள்வி வந்தே தீரும். வரவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு, பாடத்தையே வைக்காமல் விடுவது பதிலாகாது. அந்தப் பாடத்தைப் படித்தவள் அடுத்து எங்கே போக முடியும் என்பதை அரசு எழுத்தில் உறுதி செய்து, போனாளா என்று பின்தொடர்ந்து பார்ப்பதுதான் பதில். கதவுகள் ஓரளவு திறந்தே இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து ஈராண்டு ஐடிஐ படித்தவர் மொழித்தேர்வுகளை எழுதினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐடிஐயில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். இவ்வளவும் இருப்பது மலையில் எத்தனை வீடுகளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆசிரியர் ஓய்வு பெற்றால் பாடமும் ஓய்வு

தமிழ்நாட்டில் மேல்நிலைத் தொழிற்கல்வி பிறந்தது 1978-79-இல், பிளஸ் டூ முறையோடு சேர்ந்து. அதே சமயத்தில் நாடு முழுவதற்குமான மேல்நிலைக் கல்வியை மறுஆய்வு செய்த தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வேலூர்க்காரரான மால்கம் ஆதிசேஷையா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். கையால் செய்து கற்பதை மேல்நிலைப் படிப்பின் நடுவில் வைக்கச் சொன்னது அவருடைய அறிக்கை. மாவட்டத்தில் என்ன தொழில் இருக்கிறது, எத்தனை ஆள் தேவை என்று கணக்கெடுத்துவிட்டுப் பாடப்பிரிவு தொடங்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கொள்கைப் பேச்சில் திரும்பத் திரும்ப வந்த விஷயம்.

நடந்தது வேறு. தொடக்கத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்பாடங்கள் இருந்தன. கற்றுத்தந்தவர்கள் பெரும்பாலும் பகுதி நேரமாக எடுக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே நிரந்தரமானவர்கள். பாடங்கள் காலப்போக்கில் ஒரு டஜன் அளவுக்குச் சுருங்கின. தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால், அந்த இடம் நிரப்பப்படாமல் கிடந்து, பாடப்பிரிவே மூடப்படுவது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் இது. ஒரு பள்ளியில் மின் பொறியியல் இருப்பதற்கும் பக்கத்துப் பள்ளியில் அலுவலக மேலாண்மை இருப்பதற்கும் ஊரின் தேவை காரணமல்ல. நாற்பது வருடத்துக்கு முன் யார் பணியில் சேர்ந்தார், அவர் எப்போது அறுபதைத் தொடுகிறார் என்பதுதான் காரணம்.

நடுநிலை வகுப்புகளில் கதை இன்னும் மெலிவு. கல்வி உரிமைச் சட்டப்படி, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள உயர்தொடக்கப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்பயிற்சிக்குப் பகுதி நேர ஆசிரியர்கள் வேண்டும். 2012-இல் தமிழகம் முழுக்க 16,549 பேரை 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. அப்போது மே மாதம் சம்பளம் கிடையாது. சம்பளம் படிப்படியாக ஏறி 12,500 ஆனபோதும், நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து உட்காருவது நிற்கவில்லை. இந்தச் சம்பளத்துக்கு வளைவுகளில் பஸ் ஏறி மலைக்கு வந்து தையலோ கணினியோ சொல்லித்தருபவரிடம் போய், "உன் பாடம் ஊர்த் தொழிலுக்கு உதவுகிறதா?" என்று கேட்பதற்கு எந்த ஆய்வாளருக்கும் மனம் வராது.

பிளஸ் டூவின் செய்முறைத் தேர்வையும் பார்க்கலாம். வெளிப் பள்ளியிலிருந்து தேர்வாளர் வருவார். ரெக்கார்ட் நோட்டைப் புரட்டுவார், கையெழுத்தும் தேதியும் சரியா என்று பார்ப்பார், ஒன்றிரண்டு கேள்வி கேட்பார், மதிப்பெண் போடுவார். தொழில் செய்பவர் யாரும் அந்த மேசையின் அருகே வருவதில்லை. மோட்டார் கட்டும் மெக்கானிக்கோ, மிளகு வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தின் தரம் பிரிப்பவரோ அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், ரெக்கார்ட் நோட்டைக் காட்டிலும் பையனின் கையைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

பள்ளிக்கு வெளியே தொழிற்பயிற்சி நடக்காமல் இல்லை. தொண்ணூறுகளிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நல்ல உதாரணம். சாமை, தினை, பனிவரகு விளைந்த நிலங்களை மரவள்ளி பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு இறங்கினால் கையில் காசு. சாமை விதைத்தால் குத்திப் புடைக்க வேண்டும். சாமையின் உமி அரிசியோடு இறுக ஒட்டியது, உலக்கையால் இரண்டு மூன்று முறை குத்தினாலும் முழுதாகப் போகாது. அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். நிறுவனம் கிராமங்களுக்கு உமி நீக்கும் இயந்திரமும் மாவு மில்லும் கொண்டுவந்து, சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்து, ஓட்டவும் கணக்கு வைக்கவும் மாவு, மிக்ஸ் வகைகளைப் பாக்கெட் போட்டு விற்கவும் பழக்கியது. மில்லை ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் எந்தப் படிவத்திலும் தொழிற்கல்வி பெற்றவர்களாகப் பதிவாகவில்லை. அந்த மில்லின் பெல்ட், பேரிங், மோட்டார் சமாசாரங்கள் பள்ளிப் பாடத்துக்குள் நுழையவும் இல்லை.

வெளியூர்க் கண்ணாடி

அமெரிக்காவில் பள்ளித் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் தரத் தொடங்கியது 1917-இல். இப்போது நடப்பது பெர்கின்ஸ் சட்டத்தின் கீழ். கடைசியாக 2018-இல் திருத்தினார்கள். அந்த நாட்டையே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அங்கும் ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் தொழிற்பிரிவுக்குத் தள்ளிவிட்ட வரலாறு உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் இரண்டு விதிகள் கவனிக்கத்தக்கவை. நிதி வாங்கும் பள்ளி மாவட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தொழில்காரர்களையும் பெற்றோரையும் கூட்டி வைத்து, ஊருக்கு என்ன தேவை, நாம் என்ன கற்றுத்தருகிறோம் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். அடுத்தது, பள்ளியை முடித்த சில மாதங்களில் மாணவர் மேற்படிப்பிலா, வேலையிலா, இரண்டும் இல்லாமலா என்று மாநிலம் கணக்குக் காட்ட வேண்டும். ஆதிசேஷையா காலத்தில் நாம் பேசிவிட்டு மறந்தது அங்கே சட்டத்தில் இருக்கிறது.

இங்கே தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் என்கிறது. 2025-க்குள் மாணவரில் குறைந்தது 50 சதவீதம் பேருக்குத் தொழிற்கல்வி அனுபவம் என்று இலக்கும் வைத்தது. பதின்பருவப் பிள்ளையைப் படிப்பிலிருந்து கழற்றும் வழி என்று தமிழகம் அதை எதிர்த்தது. அந்தச் சண்டையில் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. கொள்கையில் எந்தப் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடி விழுந்த இடங்களில், ஏற்கெனவே குற்றுயிராக இருந்த பள்ளித் தொழிற்பிரிவுகளும் உண்டு.

மாநில அரசு ஐடிஐகள் பக்கம் கை தாராளமாகவே நீண்டது. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, கணினி வழி உற்பத்தி இயந்திரங்கள் நிறுவ 2,877 கோடி ரூபாய்த் திட்டம். ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் தேவை என்பதால் இது புத்திசாலித்தனமான செலவு. மலைக்குக் கீழே நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டுகிறார்கள், வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் அங்கே வேலை உண்டு. கொல்லிமலைப் பையன் அங்கே போவதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. மலையிலேயே காப்பிப் பழத்தோல் நீக்கும் இயந்திரமும் சூரிய உலர்த்தியும் பழக்கூழ் ஆலையும் ஓட்ட விரும்பும் பெண்ணுக்கு எந்தத் துறை பொறுப்பு என்பதுதான் சிக்கல். சோளக்காடு சந்தையில் பலாவும் அன்னாசியும் குவிந்து கிடக்கும் நாட்களில், விலை சொல்பவர்கள் கீழிருந்து லாரியோடு ஏறி வந்தவர்கள்.

2025 ஆகஸ்ட் 8-இல் தமிழ்நாடு தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு போயிற்று. பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத அந்த ஓர் ஆண்டு, தொழிற்பிரிவு மாணவரைக் கூட்டுறவுச் சங்கத்திலோ மில்லிலோ பணிமனையிலோ சில வாரம் உட்காரவைக்கத் தோதான ஆண்டு.

பின்தொடர்ந்து பார்ப்பதற்கு வேண்டிய தகவலும் அரசிடமே இருக்கிறது. பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு) எண் உண்டு. ஐடிஐயில் சேர்ந்தால் அங்கே பதிவு. கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பட்டியலில் வங்கிக் கணக்கோடு பெயர். பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப்பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடந்திருக்கின்றன. ஆக, தேடும் பழக்கமும் அரசுக்குப் புதிதல்ல. கொல்லிமலையின் அரசுப் பள்ளிகளிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் படித்து முடித்தவர்கள் ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்து, அடுத்த ஆண்டு எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு முதன்மைக் கல்வி அலுவலருக்கா, பழங்குடியினர் திட்ட அலுவலருக்கா என்று ஓர் அரசாணை சொன்னால் போதும். அதற்கு டெல்லி நிதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.